மரகதத்துக்கு ஒரு பஸ் கூலர்

என் மனைவி மரகதத்துக்கு எவ்வளவு காய்ச்சலோ அவ்வளவுதான் எங்கள் காரின் கியர்பாக்ஸுக்கும். அவளுக்கு நூற்றிரண்டு என்றால் அதற்கும் நூற்றிரண்டு. அவளுக்கு ஃபாரன்ஹீட், எண்ணெய்க்குச் செல்சியஸ். அந்த வித்தியாசத்தை நாங்கள் பெரிதுபடுத்துவதில்லை.

கார் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். அப்படி மாற்றிக்கொள்ள உள்ளே சிவப்பாக ஓர் எண்ணெய் ஓடுகிறது. சமதளத்தில் எண்ணெய் தொண்ணூற்றெட்டில் இருக்கும். மேடு ஏறினால் கொதிக்கும். மரகதமும் இத்தனை வருஷம் தொண்ணூற்றெட்டில்தான் இருந்தாள்.

ஆடி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வண்டி போர்டிகோவில் சும்மா நின்றது, ஆனாலும் அடிவயிறு சுட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து பானட்டின் மேல் காயப்போட்டார்கள். கேட்டதற்கு, "நல்லா காயுதுங்க" என்றார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்கு வரவில்லை, ஆனாலும் தெரிந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். நான் முப்பத்தொரு வருஷம் நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவன். யாருக்கும் பயந்ததில்லை. அந்தத் தெர்மாமீட்டருக்குப் பயந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் நாங்கள் பார்த்த டாக்டர் ஜன்னல் வழியாக மலையைக் காட்டினார்.

"காய்ச்சல் ஆஸ்பத்திரி மேல இருக்குதுங்க. பதினாலு வளைவு ஏறோணும்."

"ஏறினா எண்ணெய் கொதிக்குமே டாக்டர்."

"கொதிக்கும். அதனாலதான் அங்க ஆஸ்பத்திரி கட்டியிருக்குது."

பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்று பார்த்தால் நோயாளியோடு சூடும் வரவேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. சூடு பாதி வண்டியில் இருந்தது. ஆகவே வண்டியும் வரவேண்டும். ஒரு தரம் முயன்று பார்த்தோம். மூன்றாவது வளைவில் நூற்றெட்டு காட்டியது. அவள் நெற்றியில் வைத்திருந்த பொட்டு உருகி மூக்கு வரை வந்துவிட்டது. "போதுமுங்க, திருப்புங்க" என்றாள். திருப்பினேன்.

நூற்றுப் பத்தைத் தாண்டினால் எண்ணெய் கருகும் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. மனுஷிக்கு என்ன ஆகும் என்று போடவில்லை. அது எனக்குத் தெரிந்ததால் நான் தேடவும் இல்லை.

மெக்கானிக் ஆறுச்சாமியை வரச்சொன்னேன். அவன் கியர்பாக்ஸிலிருந்து அளவுக்கம்பியை உருவி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். பிறகு உள்ளே போய் மரகதத்தின் நெற்றியையும் மோந்து பார்த்தான்.

"இன்னும் கருகலீங்ணா. செவப்பாத்தான் இருக்குது. ஆனா ரொம்பப் பயந்து கெடக்குது."

"என்ன பண்ணலாம்?"

"தனியா ஒரு கூலர் போட்டுரலாம். ரேடியேட்டருக்குள்ள ஏற்கெனவே சின்னதா ஒண்ணு இருக்குது, ஆனா அது மலைக்குப் பத்தாது. ரேடியேட்டர்ல ஆறித் திரும்பி வர்ற எண்ணெயை இன்னொரு தடவ வெளிய கூட்டிட்டுப் போயி, காத்துல காட்டி, அப்புறம் உள்ள அனுப்போணும்."

டீ ஆற்றுவது மாதிரிதான். எனக்குப் புரிந்தது.

"அனுமதி வாங்கோணும்ணா," என்றான். "வாங்காம போட்டா எண்ணெய் ஓடாது."

அனுமதி ஆபீஸ் தாலுகா ஆபீஸுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே ஒரு வராண்டா. அனுமதி கொடுக்கிற நான்காம் ஜன்னல் பக்கத்தில்தான் தெரிந்தது. நான் நடக்க நடக்க வராண்டா நீண்டது. மில்லில் ஒரு நாளைக்கு ஒன்பது மைல் நடந்த கால் இது. விடாமல் நடந்தேன். மத்தியானம் போல் வராண்டா அலுத்துப்போய் நின்றது.

எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் நாற்காலியாகிவிட்டிருந்தார். நான் தயங்கினேன்.

"உக்காருங்க," என்றார். "நான் காலைலயே வந்துட்டேன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதுங்களா?"

"நின்னுட்டு இருந்ததுக்கு இது தேவலைங்க."

உட்கார்ந்தேன். அவருக்குக் கொஞ்சம் கால் ஆட்டம் இருந்தது. என் முறை வந்தபோது ஜன்னலில் ஓர் அம்மா தயிர்ச்சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

"கூலர் யாருக்கு?"

"கியர்பாக்ஸுக்குங்க."

"கியர்பாக்ஸ் உங்களுக்கு என்ன வேணும்?"

"அதுக்கும் என் சம்சாரத்துக்கும் ஒரே காய்ச்சலுங்க."

"அப்ப கூட்டுக் குடும்பம்னு எழுதறேன்." எழுதினார். "எவ்வளவு குளிரணும்? கொஞ்சமா, போதுமான அளவா, முழுசாவா?"

"முழுசா."

அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா அடிச்சுத் திருத்த முடியாது."

"இதுல என்னங்கம்மா யோசிக்கறது. பத்து வாரமா வெந்துட்டு இருக்கறா."

'முழுசா' என்று எழுதிக் கீழே முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வரும்போது வராண்டா எட்டே அடிதான் இருந்தது.

ஆறுச்சாமி என்னைப் பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே கூலர்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே ஜாடை. மெல்லிய தகடுகள், நடுவே வளைந்து வளைந்து போகும் குழாய். சிலது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி சிலேட் அளவில் ஒன்றை எடுத்தான்.

"இது உங்க வண்டிக்குச் சரியா இருக்குமுங்ணா."

நான் மூலையைக் காட்டினேன். அங்கே கதவு அளவில் ஒன்று சாய்த்துவைத்திருந்தது. ஏதோ டூரிஸ்ட் பஸ்ஸில் இருந்தது. அதன் முன்னால் நின்றாலே பல் கிடுகிடுத்தது.

"அதுங்களா? அது நாப்பது பேர் ஏறுற வண்டிக்குங்ணா."

"பெருசாப் போட்டா நல்லதுதானே."

"இல்லீங்ணா. எண்ணெய் ரொம்ப ஆறினாலும் ஆகாதுங்க. கட்டியாப் போயிரும். ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொண்டாட்டிக்கு அளந்து போடச் சொல்றயா?" என்றேன்.

அவன் சிலேட் அளவுக் கூலரைத் திரும்பக் கயிற்றில் மாட்டினான். கல்யாணம் ஆகாதவன். பஸ் கூலரைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். வழியெல்லாம் ஜனங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மரகதத்தைப் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அன்று நூற்று நான்கு. ஆறுச்சாமி வண்டிக்கு அடியில் படுத்தான். கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள் போகின்றன. எண்ணெய் ஒன்றில் சூடாகப் போகும், இன்னொன்றில் ஆறித் திரும்பும். திரும்பும் குழாயை வெட்டித்தான் கூலரைச் சேர்க்கவேண்டும். மாற்றி வெட்டினால் எல்லாம் போச்சு.

அவன் அடியிலிருந்து ஒரு குழாயைப் பிடித்தான். "அக்கா, எந்தக் கை?"

"வலது கை."

"சுடுதுங்களா?"

"பொசுக்குது."

மற்றதைப் பிடித்தான். "இப்போ?"

"இடது. கொஞ்சம் தேவல."

இடதை வெட்டினான். அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கரித்தது.

கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துக் கட்டினான். அது வண்டியின் முகத்தைவிட அகலமாக இருந்ததால் முன்பக்கக் கிரில்லைக் கழற்றி எறிந்துவிட்டான். ரப்பர் குழாய் மாட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கினான். கூலருக்குள் இடம் அதிகம். அந்த இடத்துக்கும் சேர்த்து மூன்று லிட்டர் புது எண்ணெய் ஊற்றவேண்டியிருந்தது. ஊற்ற ஊற்ற மரகதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எனக்குக் கடல் ஞாபகம் வருது."

"நீ கடலே பார்த்ததில்லையே."

"அதானுங்க."

மூன்றாவது லிட்டரில் யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாளா என்று கேட்டாள். அப்படி யாரும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. கிளம்பிவிட்டாள் என்று சொன்னேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

எண்ணெய் அளவை எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்கவேண்டும். ஆறுச்சாமி எஞ்சினைப் போட்டு லிவரை ஒவ்வொன்றாக நகர்த்தினான். வண்டியை நிறுத்திவைக்கும் பி-யில் வைத்தபோது மரகதம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் போகும் ஆர்-இல் வைத்தபோது எங்கள் கல்யாணத்தில் ரசம் பத்தாமல் போனதைச் சொன்னாள். எந்தக் கியரிலும் சேராத என்-னில் வைத்தபோது என்னை யார் என்பது போலப் பார்த்தாள். முன்னால் போகும் டி-யில் வைத்ததும் எழுந்து, தானே நடந்துபோய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"அளவு சரியா இருக்குதுங்ணா," என்றான் ஆறுச்சாமி. பிறகு என் கையைப் பிடித்து, "பாத்துப் போங்க" என்றான். நான் நன்றி சொல்லவில்லை. ஜெயித்துவிட்ட திமிர்.

காலை பத்து மணிக்கு மலை ஏறினோம். மரகதம் தெர்மாமீட்டரை வாயில் வைத்திருந்தாள். வளைவுக்கு வளைவு எடுத்துப் படித்தாள்.

முதல் வளைவில் நூற்று நான்கு. மூன்றாவதில் நூற்றொன்று. போன தடவை பொட்டு உருகிய இடம் அது. இந்த முறை பொட்டு அப்படியே நெற்றியில் இருந்தது. ஐந்தாவதில் தொண்ணூற்றெட்டு.

வண்டியை ஓரங்கட்டி வேகவைத்த கடலை வாங்கினேன். அவள் தோலை உரித்து எனக்கு இரண்டு, தனக்கு ஒன்று என்று சாப்பிட்டாள். பத்து வாரத்தில் அவள் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது அதுதான். "உப்பு கொஞ்சம் கூட" என்றாள். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடலைக்காரியிடம் இன்னும் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கினேன். அங்கேயே திரும்பியிருக்கவேண்டும். யாருக்குத் தோன்றும்?

எட்டாவது வளைவில் தொண்ணூற்றைந்து. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பத்தாவதில் தொண்ணூற்று மூன்று. இறங்கி வந்த பஸ் ஒன்று ஏறுகிற எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றது. அதில் இருந்த நாற்பது பேரும் எங்கள் கூலரை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் மாதிரி தலையாட்டினார்கள். பதிமூன்றாவது வளைவுக்குப் பிறகு மறுபடியும் ஒன்பதாவது வந்தது. அதற்குப் பிறகு பதினொன்று. நான் எல்லாவற்றிலும் திரும்பினேன்.

"குளுருதுங்க," என்றாள்.

"மலைன்னா குளுரத்தான் செய்யும்."

"இது மலைக் குளுரு இல்லீங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாசலிலேயே தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தார். பெயர்ப் பட்டையில் டெய்சி ராணி என்று இருந்தது. முகம் நல்ல முகம்.

"எண்பத்தொம்பது. காய்ச்சல் இல்லீங்களே."

"இருந்துதுங்க. காலைல நூத்தி நாலு."

"இப்ப இல்லீங்க. காய்ச்சல் இல்லாதவங்களுக்கு இங்க படுக்கை கிடையாது. குளிர் ஆஸ்பத்திரி கீழ இருக்குது."

"கீழ எங்க?"

அவர் முகவரியைச் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அந்த வழியாகத்தான் தினமும் பால் வாங்கப் போவேன்.

"இறங்கறப்ப எண்ணெய் சூடே ஆகாதுங்களே," என்றேன். "கூலர்ல வேற காத்து அடிக்கும். இன்னும் குளுந்துருமே."

"ஆமாங்க. அதனாலதான் அதைக் கீழ கட்டியிருக்குது."

"எண்பதுக்குக் கீழ போனா?"

டெய்சி ராணி மரகதத்தின் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம் அவசரமாப் போக வேண்டியதில்லீங்க."

கூலரைக் கழற்றிவிடலாம் என்று குனிந்து பார்த்தேன். கழற்றினால் எண்ணெய் கொட்டிவிடும். எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மரகதத்துக்கும் தெரியும். மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரித்து, கூலரின் மேல் வைத்துக் கட்டினேன். இருந்த இடத்திலேயே காற்று அதைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் போனது.

"அட்டை நிக்காதுங்க," என்றார் டெய்சி ராணி. "சூடா ஏதாவது வெச்சு மூடுங்க."

சுற்றிப் பார்த்தேன். மலை மேல் சூடாக இருந்தது நான் ஒருவன்தான்.

"மரகதம், நீ வண்டி ஓட்டு," என்றேன்.

"நானா?"

"கியர் இல்ல, கிளட்ச் இல்ல. வலது மிதிச்சாப் போகும். இடது மிதிச்சா நிக்கும்."

"நீங்க?"

"நான் முன்னால இருக்கறேன்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாள். நான் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டேன். பிறகு முன் பம்பரில் உட்கார்ந்து, வெறும் முதுகைக் கூலரோடு ஒட்டவைத்தேன். கைகளைப் பின்னால் கொடுத்து இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டேன். கூலர் பெரிது. என் முதுகு அதில் பாதிக்குத்தான் வந்தது. தகடுகள் தோலில் வரிவரியாகப் பதிந்தன. டெய்சி ராணி ஒரு கம்பளியைக் கொண்டுவந்து மீதிப் பாதியை மூடினார். அது ஆஸ்பத்திரிக் கம்பளி, வாசலைத் தாண்டியதும் தானாகத் திரும்பிப் போய்விட்டது.

அவள் நன்றாக ஓட்டினாள். இத்தனை நாள் நான் ஓட்டியதைவிட நன்றாக ஓட்டினாள். எனக்கு ரோடு மட்டும் தெரிந்தது. அவளைப் பார்க்க முடியவில்லை. வளைவு வந்ததும் ஹாரன் அடித்தாள். எல்லா வண்டிகளும் அங்கே அடிப்பதுதான். ஆனால் எனக்கு அது அவள் இருக்கிறாள் என்பதற்குச் சாட்சி.

பதினான்காவது வளைவு. ஹாரன். பதிமூன்று. ஹாரன். முதுகில் அவளுடைய குளிர் ஏறியது. என் சூடு அவளுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். போ, போ என்று சொல்லிக்கொண்டேன். இந்த உடம்பில் இருந்த சூடு எதற்கு ஆயிற்று இத்தனை வருஷம்? கத்துவதற்கும் கோபித்துக்கொள்வதற்கும் ஆயிற்று.

ஒன்பதாவது வளைவில் காற்றில் உரக்கச் சொன்னேன். "மரகதம், ஆறுச்சாமி சின்னதுதான் எடுத்தான். நான்தான் பெருசு வேணும்னேன்."

ஹாரன். சின்னதாக ஒன்று.

"படிவத்துலயும் முழுசான்னு எழுதச் சொன்னேன். அந்தம்மா யோசிக்கச் சொன்னாங்க. நான் யோசிக்கல."

ஹாரன்.

"நீ சரியாப் போயிட்டாப் போதும்னு இருந்துச்சு."

எட்டாவது வளைவில் நீளமாக அடித்தாள். திட்டுகிறாளா, சரி என்கிறாளா என்று தெரியவில்லை. ரெண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஏழு. ஆறு. ஹாரன் மெலிந்துகொண்டே வந்தது. ஐந்தாவதில் கொசு ரீங்காரம் அளவுக்குக் கேட்டது. அதைக் கேட்க மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது.

நான்காவது வளைவில் ஹாரன் கேட்கவில்லை.

வண்டி திரும்பியது. அகலமாக எடுத்து, வேகம் குறைத்து, வெள்ளைக்கோட்டைத் தாண்டாமல் திரும்பியது.

"மரகதம்," என்றேன்.

மூன்றாவது வளைவில் கீழிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. எங்கள் வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. லாரி போகும் வரை பொறுமையாக நின்றது. லாரி டிரைவர் என் தலைக்கு மேலாக எங்கள் கண்ணாடிக்குள் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். வண்டி மறுபடியும் கிளம்பியது.

"மரகதம், இன்னும் ரெண்டு வளைவுதான்," என்றேன். "பால்காரன் தெருதான். உனக்குத் தெரியும்."

முதுகில் இப்போது குளிர் தெரியவில்லை. சூடும் தெரியவில்லை. இரண்டாவது வளைவிலும் ஒழுங்காகத் திரும்பினோம். கீழே ஊர் தெரிந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி ஒரே ஒரு தரம் பார்க்கலாம். ஆனால் திரும்பினால் முதுகு தகட்டை விட்டு விலகும். விலகினால் அந்த இடத்தில் காற்றுப் படும். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு, முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.